கடல் தின்ற கோயிலும் எரிமலை விட்ட கோயிலும்

2023 ஜூலை 22, சனி. சேந்தாந்த்ரே

"இங்கே இப்போது குளிர்காலம், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணா" என்று தங்கை சொல்லியிருந்தாள். குடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவின் கிழக்குக் கரை மழைக்குப் பேர்போனது. மேற்குக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அதே வேளையில் இங்கே கொடியில் போட்ட துணி காயாமல் நாள்கணக்கில் தொங்குகிறது. கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழையும் அல்ல. தூறும், நிற்கும், வீட்டை விட்டுக் காலை வெளியே வைத்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். புதுச்சேரியில் வாங்கிய குடை முதல் காற்றிலேயே கம்பி மடங்கி உயிரை விட்டது.

கரும்பு வெட்டு தொடங்கியிருக்கும் மாதம் இது. சாலையில் நமக்கு முன்னால் போகிற வண்டி எதுவாக இருந்தாலும் அது கரும்பு வண்டிதான். தீவில் இப்போது மிஞ்சியிருக்கும் சர்க்கரை ஆலைகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றான பூவா ரூஜ் இந்த ஊரில்தான் இருக்கிறது. காற்று திரும்பினால் வீட்டுக்குள்ளேயே வெல்லப்பாகு வாசனை வருகிறது.

மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. அந்த வழியில் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்து, வேலை தேடி இவர் இங்கே வந்து சேர்ந்தார். இவரைப்போல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அண்மைக் காலத்தில் வந்த குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. ஆனால் ஊரில் பெரும்பான்மைத் தமிழர்கள் அவர்கள் அல்ல. 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு தன் பகுதியில் ஆள் எடுப்பதை நிறுத்தும் வரை இது நடந்தது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் இங்கே மலபார் என்று அழைக்கப்படுகிறவர்கள். பேச்சு கிரியோல் ஆகிவிட்டது. சமையலறையில் கருவேப்பிலையும் முருங்கைக் கீரையும் அப்படியே இருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டுக்கு மசாலா அரைத்த ஆட்டுக்கறி, பருப்பு, சௌசௌ கூட்டு, பச்சைமிளகாயும் தக்காளியும் நசுக்கிய ஒரு தொகையல். சௌசௌ மேலே சலாஸி மலையிலிருந்து வருகிறதாம். காரம் என்று அவர்கள் எச்சரித்த பிறகு சாப்பிட்டேன். காரம்தான்.

"எரிமலை இந்த மாதம் இரண்டாம் தேதியிலிருந்து கக்கிக்கொண்டிருக்கிறது. ஊர் உலகமே அதைப் பார்க்க வருகிறது. நீங்கள் கோயில் பார்க்க வந்திருக்கிறீர்களே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. வயிற்றுப்பாட்டுக்குக் கட்டட ஒப்பந்த வேலை செய்தவன் நான். பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயில்களைப் பழுதுபார்த்தே பாதி ஆயுள் போயிற்று. எரிமலையை யாரும் என்னிடம் பழுதுபார்க்கச் சொல்லப்போவதில்லை.

ஜூலை 23, ஞாயிறு. ஷாம் போர்ன்

காலை உணவு: ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ளே சுடச்சுட வடை வைத்துத் தருகிறார்கள். வடை கடலைப்பருப்பில் அல்ல, பெரிய வெள்ளை மொச்சை ஒன்றில் செய்தது. ஒன்று ஐம்பது சென்ட். நம் கணக்கில் நாற்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு வடை என்று மனம் கணக்குப் போட்டபோதே கை இரண்டாவதை எடுத்துவிட்டது.

பூசை பிரெஞ்சு மொழியில். பிரசங்கத்தின் நடுவில் சாமியார் திடீரென்று கிரியோலுக்குத் தாவினால் கோயில் முழுக்கச் சிரிப்பு எழும்பும். எனக்கு மட்டும் புரியாது; பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தபோது நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்னே பின்னே இருந்த அத்தனை பேரும் திரும்பிக் கை கொடுத்தார்கள். அடுத்த வரிசையில் இருந்த அம்மா மூக்குத்தியும் மஞ்சள் கயிறும் அணிந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். வரப்போகிற தீமிதிக்கு விரதம் இருக்கிறாராம். மகன் நெருப்பில் இறங்குகிறான். அதனால் வீட்டில் கறி மீன் இல்லை. அப்படியே காலையில் நற்கருணையும் வாங்கிக்கொண்டார். இதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்த பங்குக்காரர்களுக்கும் இல்லை.

நம் ஊரில் இதைச் சொன்னால் பங்குப் பேரவைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் சண்டை நடக்கும். இங்கே வந்து இறங்கிய கூலிகளுக்கு ஒப்பந்தத்தில் அவரவர் மதம் அவரவர்க்கு என்று எழுதியிருந்தது. ஆனால் பிள்ளைக்குப் பெயர் பதிய வேண்டும், பள்ளியில் சேர்க்க வேண்டும், ஊரோடு ஒத்துவாழ வேண்டும் என்று வந்தபோது ஞானஸ்நானம் எளிய வழியாக இருந்தது. வாங்கிக்கொண்டார்கள். காளியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைக்குக் கீழே ழான் என்றும் மரி என்றும் முதல் பெயர், அதற்குப் பின்னால் ராம்சாமி, மினாட்சி, லெச்சுமி என்று குடும்பப் பெயர். வெயிலுக்குச் செம்பருத்தி நட்டிருக்கிறார்கள்.

மாலையில் ஷாம் போர்ன். சேந்தாந்த்ரே ஊரின் கடலோரப் பகுதி. அங்கே புல்தரையில், அலை அடிக்கும் தூரத்தில், கூரை இல்லாத ஒரு கோயில் நிற்கிறது. 1962 பிப்ரவரி 28 அன்று ஜென்னி என்ற புயல் தீவைக் கடந்தபோது கடல் ஏறி வந்து கோயிலை எடுத்துக்கொண்டது. சுவர்கள் மட்டும் நின்றன. அதன்பின் அந்தச் சுவர்களுக்கு யாரும் கூரை போடவில்லை.

உள்ளே நடந்து பார்த்தேன். கரிய எரிமலைக் கல்லும் சுண்ணாம்புக் கலவையும். கல் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது இன்னும் நூறு புயலைப் பார்க்கும். போனது கலவைதான். இணைப்பில் விரலை வைத்தால் மாவாக உதிர்கிறது. ஜன்னல் வளைவுகளின் மேல்கல் மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நல்ல கொத்தனார் வைத்த வளைவு கலவையை நம்பி நிற்பதில்லை, ஒரு கல் இன்னொரு கல்லை நெருக்குவதால் நிற்கிறது. பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் புல். இரண்டு பையன்கள் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் பாய் விரித்துச் சோற்றுச் சட்டியைத் திறந்தது. எங்களைப் பார்த்து "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று சைகை காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குச் சட்டி பானையோடு போவது இங்கே ஒரு சடங்கு. தங்கை வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் என் கையில் ஒரு தட்டு வந்துவிட்டது. புகையிட்ட இறைச்சியும் வெங்காயமும் சோறும். யார் எவர் என்று கடைசிவரை கேட்கவில்லை.

ஜூலை 24, திங்கள். சேந்த் ஆன்

மாப்பிள்ளைக்கு வேலை, தங்கைக்கும் வேலை. தங்கை மகனுக்குப் பள்ளி விடுமுறை, அவனை எனக்குத் துணையாக அனுப்பினார்கள். அவனுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டான். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் படிக்க வரும், பேச வராது. இருவரும் நன்றாகத்தான் சமாளித்தோம்.

பஸ்ஸில் இரண்டு யூரோ டிக்கெட். இறங்க வேண்டிய இடம் நெருங்கியதும் பின்னால் இருந்த ஒரு பாட்டி பளார் பளார் என்று இரண்டு முறை கை தட்டினார். டிரைவர் நிறுத்தினார். மணி அடிக்கும் பொத்தான் இருக்கிறது. ஆனாலும் கை தட்டுவதுதான் ஊர் வழக்கம். சேந்த் ஆன் வந்தபோது மருமகன் என்னைத் தட்டச் சொன்னான். தட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிரேக் போட்டார்.

சேன் பெனுவா நகரத்தைத் தாண்டித் தெற்கே போகும் நெடுஞ்சாலையில், கடலுக்கும் சாலைக்கும் இடையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோயில். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணப் பங்குக் கோயில்தான். பக்கத்தில் போகப் போகச் சுவர் அசைவது தெரிகிறது. முகப்பில் வெறும் சுவர் என்று ஒரு சாண் இடம் கிடையாது. பூ, காய், இலை, கொடி, சம்மனசு என்னும் வானதூதர், சுருள் மேல் சுருள், சுருளுக்குள் இன்னொரு பூ. சிதம்பரம் கோபுரத்தில் பொம்மை இல்லாத இடத்தைத் தேடுகிறவன் பாடுதான் இங்கே வெறும் சுவரைத் தேடுகிறவன் பாடும்.

கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழும்பியது. ஆனால் அது இன்றைய கோலத்துக்கு வந்தது 1920களில் தொடங்கிய வேலையால். பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த பங்குத்தந்தை தோபெம்பெர்ஜே என்பவர் கோயிலை விரிவாக்கி, உள்ளும் புறமும் இப்படிச் சுதை வேலையால் நிரப்பினார். வேலைக்கு வெளியிலிருந்து சிற்பிகள் வரவில்லை. பங்கு மக்களும் இளைஞர்களும்தான் கை. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. 1982இல் பிரெஞ்சு அரசு இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ 1969இல் வெளியான தம் படம் ஒன்றுக்குத் திருமணக் காட்சியை இங்கேதான் எடுத்தார் என்பதை மருமகன் ஏதோ தன் சொந்தச் சாதனையைச் சொல்வதைப் போலச் சொன்னான்.

உள்ளே பக்கவாட்டில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. முகப்பில் செய்தது போதாது என்று அங்கே மொத்தத்தையும் கொட்டியிருக்கிறார். தூணில் தொடங்கிய கொடி வளைவில் ஏறி, மேலே போய், மறுபக்கத் தூணில் இறங்குகிறது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறது. கலை விமர்சகர்கள் இதை அளவு மீறியது என்பார்கள். அளவு மீறியதுதான். ஆனால் வேலை செய்தவன் கண்ணோடு அருகில் போய்ப் பார்த்தேன்.

என் தோள் உயரத்தில் ஒரு திராட்சை இலை. நுனி உடைந்து உள்ளே துருவேறிய கம்பி தெரிந்தது. கம்பியை வளைத்து, அதன்மேல் கலவையை அப்பி, ஈரம் போவதற்குள் கூரிய எதையோ வைத்து நரம்பு கீறியிருக்கிறார்கள். ஐந்து நரம்பு. பக்கத்து இலையில் நான்கு. அதற்கு அடுத்ததில் கீறியவர் வேறு ஆள். கோடு ஆழம், அவசரக் கை. இன்னும் சற்றுத் தள்ளி ஒரு பூ. அதன் இதழ் ஒன்றில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திய குழி. சின்ன விரல். பூச்சைச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையால் ஒரே இழுப்பில் தேய்த்திருந்தால் அந்தக் குழி போயிருக்கும். தேய்க்கவில்லை. அச்சில் வார்த்து ஒட்டியிருந்தால் பாதிச் செலவில், கால்வாசி நேரத்தில் முடிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. இந்தக் கோயிலில் ஒரே மாதிரி இரண்டு இலைகளை நான் பார்க்கவில்லை.

கோயில்பிள்ளை ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் இலையைத் தடவுவதைப் பார்த்து முறைத்தார். மருமகன் ஏதோ சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து கல் சுமந்து வருவார்களாம். அப்படித்தான் இங்கே பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். மணலும் கடற்கரை மணலா என்று கேட்கச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. கடல் மணலாக இருந்தால் கழுவினார்களா என்பது என் கவலை. கழுவாத கடல் மணலில் உப்பு தங்கும், உப்பு கம்பியைத் தின்னும், துருப்பிடித்த கம்பி ஊதி மேலே இருக்கும் கலவையைப் பிளக்கும். கூப்பிடு தூரத்தில் கடல் வேறு. மணல் எப்படியோ போகட்டும், காற்றே போதும். இத்தனை பூவையும் இலையையும் காப்பாற்றிக்கொண்டு வருவது தீராத செலவு. அந்தப் பொறுப்பில் இருப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும் உள்ளே வந்தவர்கள் நான்கு பேர். ஒரு பிரெஞ்சுத் தம்பதி முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, காரை அணைக்காமலே கிளம்பிப் போனார்கள்.

மதியம் சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மாட்டிக்கொண்டோம். பெயரை விட்டுவிடுகிறேன். தொத்திறைச்சிக் குழம்பு ஒரு பெட்டி எட்டு யூரோ. எட்டு யூரோவுக்குத் தீவில் எங்கும் வயிறு நிறையும். இங்கே சோறு ஆறியிருந்தது, குழம்பில் நான்கு துண்டு. தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக இரண்டு யூரோ. மருமகன் கிரியோலில் எதையோ முணுமுணுத்தான். என்ன சொன்னாய் என்றேன். "ஒன்றுமில்லை மாமா" என்று முதல்முறையாக முழுத் தமிழில் பதில் சொன்னான்.

ஜூலை 25, செவ்வாய். பித்தோன் சேந்த் ரோஸ்

மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் அழைத்துப் போனார். கிழக்கு ஆற்றின் குறுக்கே 1894இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. இப்போது வாகனங்களுக்கு வேறு பாலம், பழையதில் நடக்கலாம். நடந்தேன். கீழே ஆற்றில் தண்ணீரைவிடப் பாறைதான் அதிகம். மழை வேறு, இரும்புக் கயிறு வழுக்குகிறது. கைப்பிடியை விடாமல் போய்த் திரும்பினேன்.

வழி நெடுகச் சாலையோரத்தில் சிவப்புச் சிவப்பாகச் சின்ன மாடங்கள். எல்லாம் சேந்தெக்ஸ்பெதி என்ற புனிதருக்கு. ரோமானியப் போர்வீரன் உடை, கையில் சிலுவை, காலடியில் காகம். காகம் நாளைக்கு என்று கரைகிறது, இவர் இன்றைக்கே என்கிறார். அவசரக் காரியங்களுக்கு இவரை விட்டால் ஆள் இல்லை. கேட்டது கிடைத்தால் நன்றிப் பலகை மாட்டுகிறார்கள். கிடைக்காவிட்டால் சிலர் சுரூபத்தின் தலையைத் துண்டித்துவிடுகிறார்களாம். ஒரு மாடத்தில் தலையில்லாமல் நின்றவரை நானே பார்த்தேன். முன்னால் பூவும் மெழுகுவர்த்தியும், ஒரு சின்னக் கற்பூரக் கறையும் இருந்தன. திருச்சபைப் பெரியவர்களுக்கு இந்தப் பக்தியில் அவ்வளவு உவப்பு இல்லை. மாடங்கள் மட்டும் சிவப்புக் குறையாமல் பெருகிக்கொண்டிருக்கின்றன.

பித்தோன் சேந்த் ரோஸ் கோயிலுக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடமில்லை. சுற்றுலாப் பஸ் இரண்டு. குடை பிடித்த கும்பல். இதுதான் எரிமலை விட்டுவைத்த கோயில். நோத்ர் தாம் தே லாவ், எரிமலைக் குழம்பின் மாதா.

1977 ஏப்ரலில் நடந்தது. பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி கக்கும். ஆனால் அதன் குழம்பு பெரும்பாலும் மலைச்சுவரால் சூழப்பட்ட பள்ளத்துக்குள்ளேயே ஓடி, ஆளில்லாத சரிவு வழியாகக் கடலில் சேர்ந்துவிடும். அந்த ஆண்டு வெடிப்பு அந்தச் சுவருக்கு வெளியே, ஊருக்கு நேர் மேலே திறந்தது. மக்களை வெளியேற்றினார்கள். குழம்பு ஊருக்குள் இறங்கி, நெடுஞ்சாலையைக் கடந்து, வீடுகள் பலவற்றையும் காவல் நிலையத்தையும் விழுங்கிக் கடலுக்குப் போனது. உயிர்ச்சேதம் இல்லை. கோயிலை நெருங்கிய குழம்பு வாசலில் ஏறி, கதவருகே நின்றுவிட்டது. மீதி இரு பக்கமும் பிரிந்து ஓடியது. இன்றைக்கும் கோயிலின் இரு பக்கத்திலும் கறுத்து இறுகிய குழம்பு சுவரை ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் அந்த வெடிப்பையே வரைந்திருக்கிறார்கள்.

அற்புதம் என்று நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. நானும் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஒன்று இரண்டு யூரோ. ஆனால் கட்டட வேலைக்காரன் மூளை சும்மா இருக்காது. கரையை நெருங்க நெருங்கச் சரிவு குறைகிறது. குழம்பின் மேற்பரப்பு ஆறிப் பாளமாகிறது, அந்தப் பாளமே பின்னால் வருவதைத் தடுக்கிறது. முன்னால் திடமான சுவர் ஒன்று இருந்தால் இளகியது பக்கவாட்டில் வழி தேடும். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியென்றால் காவல் நிலையத்துக்குச் சுவர் இல்லையா மச்சான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த வெடிப்புக்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு 1979இல் எரிமலைக்கென்று ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்தது. இன்று மலை இருமினாலும் கருவியில் தெரிகிறது.

இந்தப் பக்கத்தில் இன்னொரு மாதாவும் உண்டு, நீலக் குடை பிடித்தவர். வனிலாத் தோட்டக்காரர் ஒருவர் எரிமலையிலிருந்து காக்க வேண்டி நட்ட சுரூபம் என்கிறார்கள். 2002இல் குழம்பு வருகிறது என்றதும் அந்தச் சுரூபத்தையே முன்கூட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். நம்பிக்கை ஒரு பக்கம், ஜாக்கிரதை ஒரு பக்கம். எனக்கு இது பிடித்திருந்தது.

கோயில் கட்டடம் என்று பார்த்தால் இங்கே சொல்ல அதிகம் இல்லை. எளிய, அடக்கமான பங்குக் கோயில். நேற்றுப் பார்த்த சேந்த் ஆன் இங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். அங்கே நான்கு பேர், இங்கே நானூறு பேர். எரிமலை தொடாமல் விட்டதற்குக் கூட்டம் கூடுகிறது. பிள்ளைகள் கல் சுமந்து, ஊரே கையைச் சேறாக்கிச் செய்ததற்குக் காரை அணைக்கக்கூட மனம் வரவில்லை. சுற்றுலாக் கையேடுகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தானாக நின்ற நெருப்பைக் கதையாகச் சொல்லிவிடலாம், இலை நரம்பு கீறியதைப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அங்கிருந்து இன்னும் தெற்கே, எரிமலைச் சாலை. ஒவ்வொரு கறுப்புப் பரப்புக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டு ஓடியது என்று பலகை நட்டிருக்கிறார்கள். 2007இல் ஓடிய பரப்பு முடிவில்லாமல் போகிறது. இறங்கி நடந்தேன். கால் வைத்த இடம் கண்ணாடித் துண்டாக நொறுங்கியது. வழுக்கி, கையை ஊன்றி, உள்ளங்கை கிழிந்தது. கார் துடைக்கும் துணியால் கட்டினார் மாப்பிள்ளை. எங்களைப் பார்த்துப் பின்னால் வந்த வண்டியை நிறுத்திய ஒரு பெண், தன் மருந்துப் பெட்டியைத் திறந்து, என் கையைப் பிடித்துக் கழுவி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத்தான் போனார். திட்டிக்கொண்டேதான் செய்தார், கிரியோலில். திட்டு எந்த மொழியிலும் புரிகிறது.

இரவு எரிமலையின் சிவப்பைப் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தோம். மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஒன்பது மணி வரை காருக்குள் வடையும் காபியும். கண்ணாடியில் மழை. சிவப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

ஜூலை 26, புதன். சேந்த் ஆன், மறுபடியும்

இன்று புனித அன்னம்மாள் திருநாள். இந்தக் கோயிலின் பாதுகாவலி. மாலைப் பூசைக்குத் தங்கையையும் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாரையும் திட்டிக்கொண்டு வந்த அவள், வாசலில் நின்று முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருடமாக இந்த வழியாகத்தானே போகிறோம், ஒரு தடவைகூட இறங்கவில்லையே" என்றாள்.

கோயிலுக்குள் இன்று விளக்குகள் எல்லாம் எரிந்தன. திங்கட்கிழமை நான் பார்த்தது பகல் வெளிச்சத்தில். அப்போது இலைகள் தட்டையாக இருந்தன. பக்கவாட்டு விளக்கு விழுந்ததும் ஒவ்வொன்றும் நிழல் பிடித்து எழும்பி நின்றது. கம்பியும் கலவையும் என்று நான் கணக்குப் போட்டதெல்லாம் விளக்கடியில் வேறாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான் வெளிச்சமாக இருந்த காலத்துக்கு வளர்ந்த கண் அந்தச் சாமியாருடையது. ஆழம் எவ்வளவு, நிழல் எங்கே விழும் என்று பார்த்துத்தான் கீறியிருக்க வேண்டும்.

பூசைக்குப் பிறகு முற்றத்தில் கேக்கும் கொய்யாச் சாறும். சின்னச் சின்னச் சிவப்புக் கொய்யா. இப்போது அதற்குப் பருவம். புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது. முதியவள் ஒருத்தி, நல்ல கறுப்பு, கைத்தடி, என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். தங்கை மொழிபெயர்த்தாள். பேச்சு கோயிலுக்குத் திரும்பியது. அவளுடைய அம்மா சிறுமியாக இருந்தபோது கூடையில் கல் சுமந்தவள்களில் ஒருத்தியாம். சாமியார் கண்டிப்பானவர், கூடை நிறையாமல் வந்தால் திருப்பி அனுப்புவார். கூலி உண்டா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். மிட்டாய் கொடுப்பார் என்று அம்மா சொல்லுவாள், ஆனால் அம்மா பொய்யும் சொல்லுவாள் என்றாள்.

எந்த இடத்தில் அம்மா சுமந்த கல் இருக்கிறது என்று தெரியுமா என்று தங்கை கேட்டாள். கிழவி கைத்தடியை நீட்டி ஒரு மூலையைக் காட்டினாள். பிறகு இன்னொரு மூலையை. பிறகு தடியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம்தான்" என்றாள்.

ஜூலை 27, வியாழன். ப்ரா பனோன்

வனிலாவுக்குப் பேர்போன ஊர். கண்ணாடிக் குழாயில் சில காய்கள், பதினைந்து யூரோ. பூ பூப்பதிலிருந்து காய் காய்ந்து கறுப்பாவது வரை எல்லாம் கைவேலை என்று விலையை நியாயப்படுத்தினார் கடைக்காரர். பூவின் மகரந்தத்தைக்கூடக் கையால்தான் சேர்க்க வேண்டும். அந்த வித்தையை 1841இல் இந்தத் தீவில் கண்டுபிடித்தவன் எத்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அதைக் கேட்ட பிறகு பேரம் பேச வாய் வரவில்லை, இருந்தாலும் பேசினேன். ஒரு யூரோ குறைத்தார். புதுச்சேரியில் இதைப் பாயசத்தில் போடுவதா கேக்கில் போடுவதா என்று வீட்டில் இப்போதே போனில் சண்டை. தங்கை கட்டிக்கொடுத்த மிளகாய் ஊறுகாய் பாட்டில் மூடி சரியில்லை, பெட்டிக்குள் ஒழுகத் தொடங்கிவிட்டது. அதைத் துணி சுற்றி வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.